கப்பலில் அடிக்கும் போன், படகில் ஏன் அடிக்கவில்லை?

சிதம்பரத்தில் படிக்கும் யாரைக் கேட்டாலும் ஒரு பிச்சாவரம் கதை வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி, படகுத் துறையில் டிக்கெட் எடுத்து, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, சுரபுன்னைக் காட்டுக்குள் படகு நுழைந்ததும் பையிலிருந்து முதலில் வெளியே வருவது எது? சந்தேகமே வேண்டாம், செல்போன்தான். 'இதயக்கனி' எடுத்த இடம் இது என்று ஒருவர் சொல்ல, 'தசாவதாரம்' கூட இங்கேதான் என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் மாறி மாறிப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு மட்டும் முகம் வாடிவிடும்.

"மச்சான், டவர் போயிடுச்சுடா!"

ஒரு மணி நேரம் டவர் இல்லாததற்கே இத்தனை சோகம்! நஷ்டம் என்னவோ எடுத்த படத்தை உடனே போட முடியவில்லை என்பதுதான். படகு துறைக்குத் திரும்பியதும் போன கோடுகள் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

அதே காட்டைச் சுற்றியிருக்கிற முடசல் ஓடையிலிருந்தும், கொஞ்சம் வடக்கே பரங்கிப்பேட்டை அன்னங்கோயிலிலிருந்தும், கடலூர் முதுநகரிலிருந்தும், தேவனாம்பட்டினத்திலிருந்தும் படகுகள் கடலுக்குப் போகின்றன. அவற்றில் போகிறவர்களின் மடியிலும் செல்போன் இருக்கிறது. தண்ணீர் படாமல் இருக்க பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மேலே ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார்கள். கரை கண்ணுக்கு மறையும் வரைக்கும் அது போன். அதற்கு மேல் அது டார்ச் லைட், பாட்டுப் பெட்டி, கடிகாரம். வீட்டிலிருந்து கூப்பிட்டால் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொல்லும்: "நீங்கள் தொடர்பு கொள்ள விரும்பும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார்."

அந்த எல்லையைப் போட்டது யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

நடுக்கடலில் ஹலோ

2022 ஜூன் 4ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் ஒரு உல்லாசக் கப்பலைக் கொடியசைத்து அனுப்பிவைத்தார். கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்'. நீச்சல் குளம், தியேட்டர், விதவிதமான சாப்பாடு என்று மிதக்கிற ஒரு ஊரே அது. முதலில் அனுமதி கிடைக்காமல் இழுபறியான புதுச்சேரிக்கும் 2025 ஜூலையில் அது வந்து சேர்ந்தது. புதுச்சேரிக்கு அடுத்த ஊர் கடலூர். அதாவது தேவனாம்பட்டினத்துப் படகு வலை போடுகிற அதே வங்கக் கடலில்தான் இந்த மாதிரிக் கப்பல்களும் போகின்றன.

உல்லாசக் கப்பலில் செல்போன் எப்படி வேலை செய்கிறது என்பது சுவாரஸ்யமான விஷயம். கப்பலுக்குள்ளேயே குட்டி குட்டி டவர்களை வைத்துவிடுகிறார்கள். பயணியின் போன் அந்தக் குட்டி டவரோடு பேசும். கப்பல் உச்சியில் வெள்ளைக் குடம் கவிழ்த்த மாதிரி ஒன்று தெரியுமே, அதற்குள் இருக்கும் ஆன்டெனா பேச்சை வாங்கி ஆகாயத்தில் உள்ள செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அது கரையில் உள்ள நிலையத்துக்கு இறக்கும். அங்கிருந்து வழக்கமான போன் கம்பெனி வழியாக வீட்டுக்குப் போய்ச் சேரும். கரையில் பேசுவதை விடப் பல மடங்கு காசு! இது தெரியாமல் போனை அப்படியே ஆன் பண்ணி வைத்திருந்து, அது தானாகக் கப்பல் டவரைப் பிடித்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பிய பிறகு பில்லைப் பார்த்து மயங்கி விழுந்த பயணிகள் உலகம் முழுக்க உண்டு. அதனால்தான் கப்பலில் ஏறியதும் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள்.

காசைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் பேசலாம். ஒரு விஷயம் மட்டும் நிச்சயம். கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் ஒரு சாதாரண செல்போனை மணி அடிக்க வைக்க முடியும். அதற்கான தொழில்நுட்பம் பல வருடங்களாகவே இருக்கிறது. கடலில் டவர் கிடையாது என்பது இயற்கை விதி என்று இனி யாரும் சொல்லக்கூடாது.

ஒரு ரூபாய்

தொழில்நுட்பம் இருந்தால் போதுமா, சட்டம் வேண்டாமா? அதுவும் வந்தது. 2018 டிசம்பரில் மத்திய அரசு விமானத்திலும் கப்பலிலும் தொலைத்தொடர்பு வசதி தருவதற்கான விதிகளை அறிவித்தது. விமானம் 3000 மீட்டருக்கு மேல் ஏறிய பிறகும், இந்தியக் கடல் எல்லைக்குள் வரும் கப்பல்களிலும் பயணிகள் போன் பேசலாம், இன்டர்நெட் பார்க்கலாம். இந்தச் சேவையைத் தர விரும்பும் கம்பெனிக்கு 10 வருட அனுமதி. அதற்கான ஆண்டுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 1 ரூபாய்! தொழில் வளர வேண்டும் என்று அரசு காட்டிய பெருந்தன்மை.

இதில் தப்பே இல்லை. கப்பலில் போகிறவருக்கும் வீட்டு ஞாபகம் வரும், அவசரம் வரும். தாராளமாகப் பேசட்டும். ஆனால் இந்தப் பெருந்தன்மை கப்பலின் படிக்கட்டோடு நின்றுவிட்டதே, அதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பொழுதுபோக்கக் கடலுக்குப் போகிறவருக்குக் கையெழுத்துப் போட ஒரு அரசாங்கம் இருக்கிறது. பிழைப்புக்காகப் போகிறவருக்கு?

கடலூர் மாவட்டத்துக்குச் சுமார் 57 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. கரையோரமாக டவர்களும் இருக்கின்றன. அவை நிற்பது ஊருக்காக. ஆள் எங்கே நிறைய இருக்கிறார்களோ அந்தப் பக்கம்தான் ஆன்டெனாவைத் திருப்பி வைப்பார்கள். கடல் பக்கம் கசிகிற சிக்னல்தான் மீனவருக்கு. எவ்வளவு உயரத்தில் வைத்தாலும் பழைய ஜி.எஸ்.எம். முறையில் 35 கிலோமீட்டர்தான் சாதாரண வரம்பு. நடைமுறையில் அதற்கு முன்னாலேயே கட்டாகிவிடும். விசைப்படகுகள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்ப் பல மணி நேரம், சில சமயம் பல நாட்கள் தொழில் செய்கின்றன. என்ஜின் நின்று போனாலும், கூட வந்தவருக்கு நெஞ்சு வலித்தாலும், வானம் கருத்தாலும் கையில் உள்ள செல்போன் ஊமை. வயர்லெஸ் கருவி இருந்தால் அது எட்டும் தூரத்தில் வேறொரு படகு இருக்க வேண்டும், அந்தப் படகில் யாராவது காதில் வாங்க வேண்டும்.

ஒரு போன் என்ன செய்யும்?

"பேச்சுதானே, இதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பவர்கள் கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் உள்ள நல்லவாடு என்ற மீனவ கிராமத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2004 டிசம்பர் 26 காலை. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுனாமிச் செய்தி அவர் காதில் விழுந்ததும் ஊருக்குப் போன் போட்டார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் ஒன்று அந்த ஊரில் இருந்தது. கடல் நிலவரம் சொல்வதற்காக அதில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். செய்தி வந்ததும் ஊர்க்காரர்கள் அதைப் போட்டு எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. ஆனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள். அதே காலையில் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினத்திலும், சிங்காரத்தோப்பிலும், பிச்சாவரத்துக்குப் பக்கத்திலிருந்த எம்.ஜி.ஆர். திட்டிலும் அப்படி ஒரு போன் வரவில்லை.

ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி. ஒரு ஊர் பிழைப்பதற்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது.

இதற்கு நேர் எதிரான கதை 2017இல் நடந்தது. ஒக்கி புயல். நவம்பர் 30ஆம் தேதி அது புயலாக மாறியது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாட்கள் முன்பே கரையை விட்டுப் போயிருந்தார்கள். ரேடியோவிலும் டிவியிலும் கரையில் எச்சரிக்கை சொன்னார்கள். கடலுக்குள் இருந்தவர்களுக்கு யார் சொல்வது? எதைக் கொண்டு சொல்வது? தமிழ்நாடு, கேரளா இரண்டிலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பி வரவில்லை. புயல் வருகிறது என்ற ஒரு வரிச் செய்தி அவர்களில் பலருக்குப் புயலே வந்துதான் தெரிந்தது.

உயிரை விட்டுவிட்டு வெறும் காசுக் கணக்கே பார்ப்போம் என்றாலும் சரி. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார நிபுணர் கேரளக் கடற்கரையை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உலகம் முழுக்கப் பேசப்பட்ட கட்டுரை. 1997 ஜனவரி 14ஆம் தேதி காலையில் வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டப் போகிறார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பப் போகிறார்கள். இவருக்கு அவர் இருப்பது தெரியாது, அவருக்கு இவர் இருப்பது தெரியாது. அப்புறம் செல்போன் வந்தது. டவர் கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரைக்கும் எட்டியதால் படகிலிருந்தே விலை விசாரித்து, எந்தக் கரைக்கு ஆள் தேவையோ அந்தக் கரைக்குப் போனார்கள். கொட்டி வீணாக்குவது நின்றே போனது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கத்துக்கும் லாபம் தருகிற திட்டம் எத்தனை இருக்கிறது சொல்லுங்கள்!

வழக்கமான பதில்கள்

இந்தப் பேச்சை எடுத்தாலே நாலு பதில் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பதில், நாட்டின் பாதுகாப்பு. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்திக்கொண்டு கடல் வழியாக வந்தார்கள், அந்தப் படகிலிருந்து செயற்கைக்கோள் போனும் கிடைத்தது. இன்றைக்கும் துரையா, இரிடியம் மாதிரி செயற்கைக்கோள் போன்களை அரசின் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு மீனவர்களுக்கு பயோமெட்ரிக் அட்டை கொடுத்தாகிவிட்டது, படகுக்குப் பதிவு எண் இருக்கிறது. எந்தப் படகு, யார் ஓனர் என்பதெல்லாம் அரசிடம் இருக்கிற விவரம்தான். பதிவு பண்ணிய படகுக்கு, பதிவு பண்ணிய கருவி, அரசு நடத்துகிற வழித்தடம். இதில் என்ன ஆபத்து? அடையாள அட்டை காட்டிவிட்டுக் கப்பல் ஏறுகிறவரை நம்பலாம், அடையாள அட்டையோடு படகு ஏறுகிறவரை நம்பக்கூடாது என்றால் அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை, பாரபட்சம். உண்மையில் கடலில் சந்தேகப்படும்படியாக ஏதாவது நடந்தால் முதலில் பார்க்கப் போவதே மீனவர்தான். பார்த்ததைச் சொல்ல அவரிடம் போன் இருப்பது பாதுகாப்புக்கு நல்லதா கெட்டதா?

இரண்டாவது பதில், செலவு. நிலத்தில் லாபம் இல்லாத ஊர்களுக்கும் போன் வசதி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே டெலிகாம் கம்பெனிகளின் வருமானத்தில் ஒரு பங்கை அரசு தனி நிதியாக வசூலிக்கிறது. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. போன் வைத்திருக்கிற எல்லோர் காசும் சுற்றிவளைத்து அதில் சேர்கிறது, கடலூர் மீனவர் ரீசார்ஜ் பண்ணுகிற காசு உட்பட. சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020 ஆகஸ்டில் தொடங்கிவைத்த கடலடிக் கேபிள், சுமார் 2300 கிலோமீட்டர், இந்த நிதியில்தான் போடப்பட்டது. நல்ல காரியம். கடலுக்கு அடியில் அத்தனை தூரம் கேபிள் போட முடிந்த நிதிக்குக் கடலுக்கு மேல் மிதக்கிற மனிதர் கண்ணில் படவில்லையா?

மூன்றாவது பதில்தான் ரொம்பக் கோபம் வரவழைப்பது. "என்ன சொன்னாலும் இவங்க கேட்க மாட்டாங்க, புயல்னு சொன்னாலும் போயிடுவாங்க." பொத்தாம் பொதுவாக எச்சரிக்கை சொல்லி, பல தடவை ஒன்றுமே நடக்காமல் போனால் யாருக்கும் அலட்சியம் வரத்தான் செய்யும். ஒரு நாள் கடலுக்குப் போகவில்லை என்றால் ஒரு நாள் அடுப்பு எரியாது என்கிற வீட்டில் அந்த அலட்சியத்துக்கு வேறு பெயரும் உண்டு, பசி. தெளிவாக, நேரத்துக்கு, நம்பிக்கையான ஆள் சொன்னால் கேட்பார்களா என்பதற்கு நல்லவாடு பதில் சொல்லியாகிவிட்டது.

நாலாவது பதில் கொஞ்சம் கனமானது. "அதான் டிரான்ஸ்பாண்டர் கொடுக்கிறாங்களே?" உண்மை. 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் பிரதமர் மோடி இந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலுமாக 1 லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ செயற்கைக்கோளோடு பேசுகிற கருவி, செலவு சுமார் 360 கோடி ரூபாய். கரையிலிருந்து எச்சரிக்கை போகும், படகிலிருந்து ஆபத்துச் செய்தி வரும். பாராட்ட வேண்டிய விஷயம், ஒக்கிக்கு முன்னால் வந்திருந்தால் கும்பிட்டிருக்கலாம். ஆனால் அது சுருக்கமான குறுஞ்செய்திக்கான கருவி. படகு எங்கே போகிறது என்று கண்காணிப்பதும் அந்தத் திட்டத்தின் வேலைதான். நெஞ்சு வலியில் துடிப்பவரை எப்படிப் படுக்க வைப்பது என்று டாக்டரிடம் அதில் கேட்க முடியாது. நின்று போன என்ஜினைப் பற்றி மெக்கானிக்கிடம் பேச முடியாது. மனைவியின் பிரசவச் செய்தியை அதில் கேட்டுச் சிரிக்க முடியாது. கப்பல் பயணிக்கு ஏன் வெறும் ஆபத்து பட்டன் மட்டும் கொடுத்து நிறுத்தவில்லை? அவர் மனிதர், பேச ஆசைப்படுவார் என்று தெரியும். அதே அறிவு இந்தப் பக்கம் வரும்போது மட்டும் எங்கே போகிறது?

டைட்டானிக் சொன்ன பாடம்

கடலில் யாருடைய பேச்சுக்கு முதலிடம் என்ற கேள்வி புதிதில்லை. நூறு வருடத்துக்கு முன்பே இதற்கு உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது.

1912 ஏப்ரல் 14 இரவு. டைட்டானிக் கப்பலில் வயர்லெஸ் இருந்தது. அதை இயக்கியவர்கள் மார்க்கோனி கம்பெனி ஆட்கள். பணக்காரப் பயணிகள் கரையில் உள்ள சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் தனிப்பட்ட செய்திகள் மலையாகக் குவிந்து கிடந்தன. கம்பெனிக்கு வருமானமே அதுதான். பக்கத்தில் நின்ற 'கலிஃபோர்னியன்' கப்பல், சுற்றிலும் பனிக்கட்டி என்று சொல்ல வந்தபோது, டைட்டானிக்கின் ஆபரேட்டர் வாயை மூடு, வேலையாக இருக்கிறேன் என்று வெட்டிவிட்டார். கலிஃபோர்னியனில் இருந்த ஒரே ஆபரேட்டர் கொஞ்ச நேரத்தில் கருவியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார். அதற்குப் பிறகு டைட்டானிக் போட்ட அபயக் குரல் அந்தக் கப்பலுக்குக் கேட்கவே இல்லை. சுமார் 1500 பேர் செத்தார்கள். 1914இல் நாடுகள் கூடி, கடலில் மனித உயிரைக் காப்பதற்கென்று ஒரு சர்வதேச உடன்படிக்கை போட்டன. கப்பல் வயர்லெஸ்ஸுக்கு இரவு பகல் பாராமல் காவல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிறந்ததுதான்.

உல்லாசச் செய்தி முந்திக்கொண்டது, உயிர்ச் செய்தி பிந்திவிட்டது. அன்றைக்கு ஒரு கப்பலுக்குள் நடந்தது இன்றைக்கு ஒரு கடல் முழுக்க நடக்கிறது.

அடுத்த வரிசை

இந்தக் கதை இன்னொரு முறை நடக்கப் போகிறது. 2022இல் வந்த ஐபோன் 14 டவர் இல்லாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதியோடு வந்தது, அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலில். 2025 ஜூனில் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு இந்தியா உரிமம் கொடுத்தது. ஆகாயத்திலிருந்து நேராக சிக்னல் இறங்கும் காலம் வந்துகொண்டிருக்கிறது. யாருக்கு முதலில் இறங்கும்? சும்மா விட்டால் மலை மேல் ரிசார்ட்டுக்கும், விமானத்துக்கும், உல்லாசக் கப்பலுக்கும். காசு இருக்கிற இடத்துக்குத்தான் சிக்னல் தானாகப் போகும். காசு இல்லாத இடத்துக்கு யாராவது தள்ளித்தான் விட வேண்டும்.

அதனால் இப்போதே கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, கடலோர டவர்களில் கடலைப் பார்த்தபடி ஆன்டெனா, அதற்கான செலவு அந்தத் தனி நிதியிலிருந்து. இரண்டு, டவர் எட்டாத தூரம் போகும் படகுகளுக்குப் பேசக்கூடிய செயற்கைக்கோள் கருவி, டீசலுக்குக் கொடுப்பது போல மானியத்தில். மூன்று, செயற்கைக்கோள் கம்பெனிகளுக்கு இனி உரிமம் கொடுக்கும்போது கடலில் இருந்து வரும் அவசர அழைப்பு எல்லாப் படகுக்கும் இலவசம் என்ற நிபந்தனை. கப்பல் கம்பெனிக்கு 1 ரூபாயில் முடிந்தது என்றால் கட்டுமரத்துக்கும் 1 ரூபாயில் முடியட்டும்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பிச்சாவரத்தில் படகுகள் கிளம்பும். சுரபுன்னை வேர்களுக்கு நடுவே யாருடைய போனிலாவது கோடுகள் குறையும், யாராவது சலித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் துடுப்புப் போடுகிற அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, உங்க சொந்தக்காரங்க யாராவது கடலுக்குப் போறாங்களா? அங்கே டவர் கிடைக்குமா?"

பதில் வருவதற்குள் உங்களுக்கு டவர் திரும்பியிருக்கும். அவர்களுக்கு?